மார்கழி முழுக்கத் தவறாதவள்

தெமோதரை,
பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுபாஜினிக்கு அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரம் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேலை செய்கிற வீட்டில் மனதுக்கு நோவு இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பா, நான், தங்கச்சி மூன்று பேரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லயத்துக் காம்பராவில் போன் பேசினால் இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு கேட்கும், பாதி கேட்டவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள், அந்த மீதியால்தான் இன்றைக்கு நம் வீடு இந்தக் கதியில் கிடக்கிறது. பதுளை ஸுலைஹா, முதல் தடவை உன்னோடு ஒரே பிளேனில் வந்தாளே, அவள் லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்பவும் குவைத்துக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு, உன் வீட்டம்மாளுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கிழித்துப் போடு.

இங்கே மழை விட்டபாடில்லை. விடிய ஒரு பனி மூடினால் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போகும்வரை முன்னால் போகிறவளின் முதுகு தெரிவதில்லை, கொழுந்து எடுக்கும் விரலெல்லாம் மரத்துப்போகிறது. அப்பாவுக்கு அதே இருமல், அதே பீடி, சொன்னால் கோபம். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான், நான் எழுத வந்தது உன் தங்கச்சி நிஷாந்தினியைப் பற்றி. தை மாதக் கடைசியில் மொனராகலைப் பக்கம் நடக்கிற மரதன் ஓட்டத்துக்கு அவள் பழகுவது உனக்குத் தெரியும், அதற்குத்தானே நீ சப்பாத்து வாங்கி அனுப்பினாய். அந்தப் பக்கம் ரோட்டு சமதரை, வருசத்தில் இந்தக் குளிர் மாதத்தில் மட்டும்தான் வெயில் ஏறுவதற்குள் ஓடி முடிக்கலாம், வேகமாக ஓட அதைப்போல இடம் கிடையாது என்று கஜேந்திரன் மாஸ்டர் சொன்னார். அவரை நீ பார்த்ததில்லை. பெரகல பக்கத்துத் தோட்டத்துக்காரர், முன்னே தானும் ஓடினவர், முழங்கால் போனபிறகு பதுளையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு நம் தோட்டத்துப் பிள்ளைகளைச் சும்மாவே பழக்கிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்தில் முன்னால் வருகிற பெண்களைக் கொழும்பில் ஒரு உடுப்புக் கம்பெனி தன் ஓட்டக் குழுவுக்கு எடுத்துக்கொள்ளும், வேலையும் தங்க இடமும் கொடுக்கும் என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார். உன் தங்கச்சிக்கு அது பந்தயம் இல்லையம்மா, கொழுந்துக் கூடையும் வேண்டாம், அக்கா மாதிரி அடுத்தவன் நாட்டில் அடுத்தவள் வீட்டுச் சட்டி கழுவவும் வேண்டாம் என்று அவள் தேடிப் பிடித்த ஒரே வழி.

போன வாரம்தான் பழக்கத்தில் ஆகக் கடினமான வாரமாம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுப்பார்களாம். திங்கட்கிழமை லேசான ஓட்டம், செவ்வாய் கிரவுண்டில் வேக ஓட்டம், புதன் மேட்டு ஓட்டம், இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒன்று, ஞாயிறு இங்கிருந்து பதுளைக்குப் போய்த் திரும்பிப் பண்டாரவளைப் பக்கம் ஏறுகிற நீண்ட ஓட்டம். திங்கட்கிழமை அவள் பனிக்குள் ஓடிவிட்டு வந்து பீலித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு பஜனையில் சேர்ந்தாள். நம் தோட்டத்து மார்கழி பஜனை உனக்குத் தெரியாததா, இருட்டோடு கோயிலில் தொடங்கி லயம் லயமாகப் பாடிக்கொண்டு போய் விடியும்போது திரும்பக் கோயிலுக்கு வரும். கடைசி லயத்தில் இவள் வந்து விளக்கை வாங்கிக்கொள்வாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஓட்டமும் ஓடி சாமி காரியத்தையும் விடாத பிள்ளை என்று நான் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது. அன்றைக்கு மலையில் பக்கத்துக் காம்பரா செவனம்மா எனக்கு அடுத்த நிரையில் நின்றுகொண்டு, ஒங்க மக மார்கழி முழுக்க ஒரு நாளும் தவறாம வந்திருக்காளேக்கா, நம்ம பொண்டுகள்ல அது யாரால முடியும் என்று மெதுவாகக் கேட்டாள். புகழ்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். எங்களோடு கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குத் தூரமான பெண் கோயில் வாசலை மிதிக்கமாட்டாள், ஒரு மாதத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் நாலைந்து நாள் பஜனைக்கு வராமல் இருக்கத்தான் வேண்டும். வராதவளை யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. தவறாமல் வந்தவளைத்தான் எண்ணிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் பெற்ற தாய், நான் எண்ணவில்லை. ஓடத் தொடங்கியதிலிருந்து அவள் தன் துணிமணியைத் தானே பார்த்துக்கொள்கிறாள், நானும் மலையால் வந்து விழுந்து படுக்கிறவள், கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி பூராவும் எனக்குத் தூக்கம் இல்லை. அவளிடம் நேரே கேட்டிருந்தால் பாதி தொல்லை இல்லை, எனக்குக் கேட்கப் பயம். செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று கங்காணியிடம் பொய் சொல்லி அரை நாளோடு இறங்கி, கிரவுண்டுக்கு மேலே தேயிலைக்குள் ஒளிந்து நின்று பெற்ற மகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். மழைத் தூறலில் சுற்றிச் சுற்றி ஓடினாள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மாஸ்டர் கையைத் தட்டினால் திரும்பவும் ஓடுவாள். கடைசியில் நொண்டிக்கொண்டு வந்து புல்லில் உட்கார்ந்தாள். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டதும், வலியை மறைத்து இவள் இல்லை என்றதும் எனக்கு இப்போது தெரியும். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு ஆம்பிளையின் மடியில் என் மகளின் கால், அவ்வளவுதான்.

புதன்கிழமை மேட்டு ஓட்டம் முடிந்து நடுங்கிக்கொண்டு வந்தவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். யாரென்று சொல்லு, எத்தனை மாசம் என்று சொல்லு என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே அடித்தேன். தும்புத்தடி முறியும்வரை அடித்தேன் சுபா, உன்னை நான் அப்படி ஒரு நாளும் அடித்ததில்லை. முதலில் அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் அழுகையை நிறுத்திவிட்டாள். நாலு மாசமா வரலம்மா, ஓடுற பிள்ளைகளுக்கு அப்புடி ஆகும்னு யாரோ சொன்னாங்க, எனக்கும் தொந்தரவு இல்லாம இருக்கேன்னு விட்டுட்டேன், அவ்வளவுதான் என்றாள். நான் நம்பவில்லை. என் சத்தத்துக்கு லயமே வாசலில் வந்து நின்றது, கோபத்தில் நான் மறைக்க நினைத்ததை நானே ஊருக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு இருந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். சாயந்தரம் பிள்ளைகளைப் பழக்க வந்த கஜேந்திரனை ஸ்டேசன் பக்கத்துக் கடையடியில் வைத்துக் கழுத்துச் சட்டையைப் பிடித்து, எச்சில் துப்பி, கேட்கக்கூடாத கேள்வி எல்லாம் கேட்டாராம். அந்த மனிதர் கையைத் தூக்கவில்லையாம். ஒங்க மக என் தங்கச்சி மாதிரிங்க என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாராம். தப்பு செய்தவன்தான் வாயை மூடிக்கொண்டு போவான் என்று அப்பா வந்து சொன்னார், நானும் ஆமாம் போட்டேன்.

வியாழக்கிழமை நான் பதுளைக்குப் போய், நம்மை ஒருவருக்கும் தெரியாத பாமசியாகத் தேடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கிற அந்தப் பட்டியை வாங்கி வந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். லயத்துக் கடைசியில் உள்ள கக்கூசுக்குள் அவளோடு நானும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தண்ணீரைக் கலந்து ஏமாற்றிவிடுவாள் என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பும்மா என்று கேட்டாள். நான் திரும்பவில்லை. பட்டியில் ஒன்றும் இல்லை என்று காட்டியது. பாமசிக்காரன் பழசைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே பிரசாந்தினி என்று ஒரு லேடி டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நம் நிஷாவைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாக வெகுநேரம் பேசினார். ரத்தம் எடுத்தார்கள், நடக்கும்போது நொண்டுகிறாளே என்று காலைப் படம் பிடித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அம்மா, உங்கட பிள்ளையில ஒரு பிழையும் இல்லை, அவ ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு காணாது, அதாலதான் உடம்பு மாதவிலக்கை நிப்பாட்டி வச்சிருக்கு, இப்ப எலும்பும் வெடிக்கத் தொடங்கிட்டுது என்றார். பதறாமல் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கேட்டதும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா, சந்தோசம். பிள்ளைக்கு ரத்தம் இல்லை, கால் எலும்பு வெடித்திருக்கிறது என்று டொக்டர் சொல்லிக்கொண்டு இருக்கும்போது தாய்க்காரி நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதை நிஷா பார்த்துவிட்டாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலுக்கு அதில் மிச்சம், ராத்திரி சோறும் பருப்பும், இடையில் பால் சேராத சாயத்தண்ணி என்றேன். மார்கழிக்கு முன்னே மாஸ்டர் ஒரு தட்டு முட்டை வாங்கிக் கொடுத்து, பழக்கம் கடுமையாகப் போகிறது, தினமும் அவித்துக் கொடுங்க என்று சொல்லி விட்டிருந்தார். சாமி மாசத்தில் கவிச்சி அடுப்பில் ஏறாது என்று அதை அப்படியே திருப்பி அனுப்பினவள் நான். அவளும் சாமிக்குத்தானே என்று சம்மதித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு மேடெல்லாம் ஓடியிருக்கிறாள். டொக்டரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, தை கடைசிக்குள்ள ஓடலாமா மிஸ் என்று. இப்ப ஓடினால் எலும்பு முறியும், பிறகு வாழ்நாளுக்கும் ஓட ஏலாது, மூன்று நாலு மாசம் காலை ஊன்றாமல் ஆறவிட வேண்டும் என்று சொல்லி ஒரு ஊன்றுகோல் கொடுத்தார்கள். அத்தோடு மொனராகலை முடிந்தது, கொழும்பும் முடிந்தது.

உண்மை வெளியே வந்தால் ஊர் வாயை மூடும் என்றுதானே நினைப்போம். சனிக்கிழமை விடிவதற்குள் பீலிக்கரையில் கதை மாறிவிட்டது, பதுளைக்குக் கூட்டிப் போய்ச் சுத்தம் பண்ணிவிட்டு வந்துவிட்டார்கள், அதுதான் பிள்ளை கோலை ஊன்றி நடக்கிறாள் என்று. நான் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பாருங்கடி, எலும்பப் பாருங்கடி என்று கத்தினேன். எலும்புப் படத்தில் எலும்பு தெரியும், அவர்களுக்கு வேண்டியது எங்கே தெரியப்போகிறது. ஐயோ பாவம் அக்கா என்று செவனம்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுவிட்டுப் போய் அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அப்பா பதுளைக்குப் போய்க் கடை வாசலில் நின்று கஜேந்திரனிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பரவால்லங்கய்யா, ஆனா இனி ஒங்க தோட்டத்துப் பக்கம் நான் வரமாட்டேங்க, எனக்கும் வீட்டுல வயசுக்கு வந்த பிள்ளைங்க இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் பழக்கமும் அதோடு நின்றது, அந்தத் தாய்மார் இப்போது என்னோடு பேசுவதில்லை. வந்து படுத்த மனிதர் ஞாயிறு மத்தியானம்வரை எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு அந்த நீண்ட ஓட்டம் இருந்த நாள். பழக்கத்தில் இருட்டோடு எழுந்துவிட்டாள். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பார்த்தபடி இருந்தாள். பஜனை நம் லயத்துக்கு வந்து பாடிவிட்டுப் போனது, அவள் எழும்பவும் இல்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. மார்கழியில் அவள் வராத முதல் நாள் அது. பொண்டுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். நான் எது அவித்து வைத்தாலும் தொடுவதில்லை, அப்பா எடுத்துக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுகிறாள். என்னோடு பேச்சு வியாழக்கிழமையோடு நின்றது என்று நினைத்திருந்தேன், அன்றைக்குத்தான் அவளாக வாயைத் திறந்தாள். தன் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துத் தரச் சொன்னாள். எதற்கு என்றேன். கால் ஆறியதும் அக்காவிடம் போகப்போகிறேன், உன் வீட்டம்மாளின் தங்கச்சி வீட்டுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று நீ போன வருசம் சொன்னாயாம், பதுளை ஏஜென்சியில் பதியப்போகிறேன் என்றாள். நீதானேடி அக்கா மாதிரிப் போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள், கால் ஆறியதும் ஓடு, இந்த வருசம் இல்லாவிட்டால் அடுத்த வருசம் ஓடு, மாஸ்டர் காலில் நானே போய் விழுகிறேன் என்று கெஞ்சினேன். அவளை மறிக்க வேறு வழி தெரியாமல், வெளிநாடு போகிறவர்களைக் கொழும்பில் எப்படியெல்லாம் சோதிப்பார்கள் தெரியுமா, பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று மூத்திரம் வாங்கிப் பார்ப்பார்களாம், அந்த மானக்கேடு உனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் கோபப்படவில்லை, என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்: "அங்க பாக்குறது யாரோ ஒரு நர்சும்மா. திரும்புங்கன்னு சொன்னா அவங்களாவது திரும்புவாங்க."

அவளை இனி என்னால் நிறுத்த முடியாது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அவள் உன்னைத்தான் கேட்பாள். இடம் இல்லை என்று சொல், அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது என்று சொல், எந்தப் பொய்யையாவது சொல், பாவம் என் தலையில் இருக்கட்டும். உன்னை அனுப்பும்போது நான் இப்படி யாரிடமும் கெஞ்சவில்லை, நீ அழுதுகொண்டு பஸ் ஏறியபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றவள்தானே அம்மா என்று நீ நினைப்பாய். நினை, எனக்கு அது வேண்டும். ஆனாலும் இவளை அங்கே எடுத்துவிடாதே. அவளுடைய சப்பாத்தைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள், நான் கொடுக்கப்போவதில்லை.

நாளை மறுநாள் பொங்கல், ஊருக்காகவாவது பானை வைக்கத்தான் வேண்டும். உனக்கு ஒரு குறையும் வராமல் அந்த மாரியம்மாள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், போன காரியம் முடித்து நல்லபடி வந்து சேர். குளிரில் பச்சைத்தண்ணீரில் குளிக்காதே, மாடிப்படியில் பார்த்து இறங்கு. நிஷாவுக்குப் போன் எடுக்கும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, நடந்ததைப் பற்றிக் கேட்காதே, அழாதே. கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். அந்த ஒரு கேள்வியை இந்த வீட்டில் இன்னும் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

உன் கையைத் தொட முடியாத தூரத்திலிருந்து,
அம்மா தனலெட்சுமி